ஹஸீபாவின் கண்ணுக்குள் ஒரு பிறை

குத்துக்கல்வலசை, தென்காசி
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த பிற்பகல்

என் செல்ல மகன் ஹுஸைஃபாவுக்கு உம்மாவின் அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் உன் தங்கச்சி ஹஸீபாவும் நேரத்துக்குத் தின்று, நேரத்துக்குத் தூங்கி, இடையிடையே சண்டையும் போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். தம்மாமில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் கையேந்திக் கேட்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற பிள்ளைக்கு இந்த உம்மா எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று சிரிப்பாய். காரணம் இருக்கிறது. போனில் நான் வாயைத் திறந்தால் போதும், சரிம்மா சரிம்மா என்று தலையாட்டுவாய், பேச்சு கொஞ்சம் உறைக்கிற இடத்துக்கு வந்ததும் நெட் போகுது என்று வைத்துவிடுவாய். காகிதத்துக்கு நெட் போகாது. உன் கேம்பில் உன்னோடு தங்கியிருக்கும் செங்கோட்டை நல்லதம்பி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். பார்சலில் பருப்புப் பொடியும் நேந்திரங்காய் சிப்ஸும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருக்கின்றன, அவற்றைப் பிரிப்பதற்கு முன் இதை வாசி. சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் இரண்டு கண்ணையும் ஒரு நல்ல கண் டாக்டரிடம் காட்ட வேண்டும், காட்டுகிற வரைக்கும் நீ அந்த டிரெய்லர் வண்டியில் ஏறக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் மிச்சக் கடுதாசி.

இந்த வருஷம் சாரல் குறையில்லை. ஜூன் பிறந்ததுமே மலை மூடிக்கொண்டது, துவைத்த துணி ஒன்றுகூடக் காயவில்லை, வீடே ஈர வாடை. குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் இருக்கும் நம் துண்டுக் கடையில் வாப்பாவுக்கு நல்ல யாவாரம். குளிக்க வருகிற ஜனம் சோப்பு சீப்பு எல்லாம் மறக்காமல் எடுத்து வருகிறது, துண்டை மட்டும் மறந்துவிட்டு வருகிறது, இந்த மறதி இருக்கிற வரைக்கும் நம் வீட்டு அடுப்பு எரியும் என்று வாப்பா வழக்கம்போலச் சொல்லிக்கொண்டு இருந்தார். நடுவில் ஐந்தருவியில் தண்ணீர் பொங்கிப் போலீஸ் குளிக்க விடாமல் கயிறு கட்டிய நாட்களில் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, கொடுத்த டீயில் சர்க்கரை இல்லை என்று என்னிடம் சண்டை. சர்க்கரை இருந்தது. பக்கத்து மனையில் மாடி எழுப்புகிறார்கள், நாள் முழுக்க மிக்ஸர் மெஷின் சத்தம். மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை.

ஹஸீபாவின் கதையை நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறாய். ஆபரேஷன் வேண்டாம் என்று நீ சொல்லியும் நாங்கள் செய்துவிட்டோம் என்று உனக்குக் கோபம், அதனால் நீ கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. இப்போது ஒழுங்காகக் கேள். அவள் மதரஸாவில் குர்ஆனை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தது உனக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகள் எல்லாம் பலகையில் விரித்து வைத்து, விரல் வைத்து, இடையிடையே எட்டிப் பார்த்து ஓதும்போது இவள் மட்டும் மூடி மடியில் வைத்துக்கொண்டு கடகடவென்று ஓதுவாள். முகம்மது யூசுப் மகள் பார்க்காமலேயே ஓதுகிறாள் என்று தெருவே பேசியது. உன் வாப்பாவைக் கேட்க வேண்டுமா, ஈரோட்டிலிருந்து குளிக்க வந்து துண்டு வாங்குகிறவரை நிறுத்தி வைத்து அந்தப் பெருமையைச் சொல்லுவார், அந்த மனுசர் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு கேட்பார். நான் மட்டும் லேசுப்பட்டவளா, ஊர்க்கண் பட்டுவிடும் என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். எந்நேரமும் காதில் வயரை மாட்டிக்கொண்டு திரிகிறாளே, பாட்டுக் கேட்கிறாள் என்று நான் ஏசியிருக்கிறேன். அவள் கேட்டதெல்லாம் குர்ஆன் ஓதுகிற கிராஅத்துதான். கேட்டுக் கேட்டே பாடமாக்கியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற மாரிச்செல்வி போர்டில் இருப்பதை மெதுவாக வாசித்துச் சொல்ல, இவள் கேட்டு எழுதியிருக்கிறாள். கண்ணாடி நம்பர் மாறிக்கொண்டே போனதை வளருகிற வயசு என்று நினைத்துவிட்டோம். கண் ஊறுது ஊறுது, அரிப்பு தாங்கலை என்று கசக்கிக்கொண்டே இருப்பாள், அதற்கு நான் சுருமா மை போட்டுவிட்டேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

வருஷப் பரீட்சைக்குக் கடையநல்லூரிலிருந்து ஒரு ஆலிமா வந்திருந்தார்களாம். ஹஸீபா ஓதியதைக் கேட்டு சந்தோஷப்பட்டு, மாஷா அல்லாஹ், இனி நீ இன்னும் பாடமாக்காத இடத்தைப் பார்த்து ஓதிக் காட்டு என்று ஒரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். இவள் மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள், அப்புறம் மூடி வைத்துவிட்டு அழுதுவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்கு ஓதிக் கொடுக்கிற பர்சானா ஆலிமா கூடவே வீட்டுக்கு வந்தாள். நான் மகளுக்குப் பரிசு கிடைத்த சேதி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து, வாய்கொள்ளாச் சிரிப்போடு டீயும் அச்சு முறுக்கும் கொண்டு வைத்தேன். பர்சானா அதைத் தொடவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஷமீமக்கா, இவ பாக்காம ஓதலை. பாக்க முடியாம ஓதியிருக்கா" என்றாள். ஹஸீபாவைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டேன், எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு, ஒவ்வொரு விளக்கும் நாலஞ்சு விளக்கா வால் முளைச்சு நிக்கி என்று சொன்னாள். ஏட்டி, இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை என்றால், எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க உம்மா என்கிறாள். இந்தப் பதிலுக்கு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது.

மறு வாரமே செங்கோட்டை ரயிலில் ஏறி மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, என் வயசுதான் இருக்கும், முகத்தில் கடுகடுப்பே கிடையாது. கண்ணை ஒரு மெஷினில் வைத்துப் படம் எடுத்துக் காட்டினார்கள், டிவியில் மழை வார்னிங் சொல்லும்போது சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டுவார்களே, அதே மாதிரி இருந்தது. கெரட்டோகோனஸ் என்று பேர், வாப்பா இன்னும் அதைச் சரியாகச் சொன்னதில்லை. உருண்டையாக இருக்க வேண்டிய கருவிழி மெலிந்து போய்க் கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறதாம். வலது கண்ணில் முற்றியிருக்கிறது, இடது கண்ணில் தொடக்கம், இந்த வயசுப் பிள்ளைகளுக்குக் கடகடவென்று ஏறும், கசக்கக் கசக்க இன்னும் மோசமாகும், சுருமா கிருமா எல்லாம் பக்கத்திலேயே வரக் கூடாது என்றார்கள். இடது கண்ணுக்கு மருந்து விட்டு ஒரு நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தார்கள், அது இனி மேலே ஏறாது என்று நம்பிக்கை சொன்னார்கள். வலது கண்ணுக்குக் கெட்டியான லென்ஸ் போட்டுப் பார்த்தோம். இந்தப் பிள்ளையின் அலர்ஜிக் கண் அதைத் தாங்கவில்லை, ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் அது தெறித்து விழுந்து வகுப்பே குனிந்து தேட, கடைசியில் மாரிச்செல்வியின் தயிர்சாதத்தில் கிடந்ததாம். அதற்கப்புறம்தான் டாக்டரம்மா, கருவிழிக்குள்ளே மெல்லிசாக வளையத் துண்டு வைத்துக் கூம்பை அமர்த்தி, அன்றைக்கே அந்த நீல வெளிச்சமும் காட்டிவிடலாம் என்றார்கள். இது மந்திரம் இல்லை, வைத்த பிறகும் கண்ணாடி வேணும், ஆனால் கண்ணாடி போட்டால் தெரிகிற கண்ணாக ஆக்கித் தர முடியும் என்றுதான் நம்புகிறேன், தள்ளிப் போட்டால் நாளைக்குக் கருவிழியையே மாற்ற வேண்டி வரலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அப்படி ஒளிக்காமல் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது.

அன்றைக்கு ராத்திரிதான் நீ போனில் குதித்தாய். பொம்பளப் புள்ள கண்ணுல கத்தி வைக்காதீங்க, நாளைக்கு நிக்காஹ் பேச வரும்போது என்ன சொல்லுவீங்க என்று நீ கேட்டதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை, பாசத்தில் கேட்டாய். ஆனால் கடைசியில் ஹஸீபாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அவளைச் சிரிக்க வைக்க என்று நினைத்து ஒன்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா. "எனக்கும்தாம்ட்டி எதிர்ல வர்ற லைட்டெல்லாம் வால் முளைச்சு நாலஞ்சா தெரியுது, அதுக்காக நான் ஆபரேஷனா பண்ணுதேன்" என்றாய். ஸ்பீக்கரில் இருந்தது. மாவு பிசைந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. ஹஸீபா சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நீ அங்கே சிரித்துக்கொண்டே இருந்தாய்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் வாப்பாவை ஆட்டி வைத்தது. வளையம் என்றால் பிளாஸ்டிக்கில் வருவதும் உண்டாம், ஹஸீபாவின் கருவிழி ரொம்ப மெல்லிசு என்பதால் வேறு ஒருவர் தானம் கொடுத்த கருவிழியிலிருந்து வெட்டி எடுத்த துண்டைத்தான் வைக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார்கள். ரயிலில் ஊர் வந்து சேருகிற வரைக்கும், இறந்து மௌத்தானவர் கண், அதை நம் பிள்ளைக்கு வைக்கலாமா, ஹலாலா ஹராமா என்று அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் சலீம் ஹஜ்ரத்திடம் போய் நின்றிருக்கிறார். ஹஜ்ரத் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நிறுத்தி நிதானமாக, பிள்ளைக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, டாக்டர் இதுதான் வழி என்கிறார், கொடுத்தவங்க மனசறிஞ்சு கொடுத்திருக்காங்க, நீங்க தாமதிக்காதீங்க யூசுப் பாய், கொடுத்தவங்களுக்கும் அவங்க வீட்டாருக்கும் நல்லதைக் கேட்டு துஆ செய்யுங்க என்றாராம். வாப்பா வீட்டுக்கு வந்து வாசலிலேயே செருப்போடு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னங்க என்று கேட்டால், வெங்காயம் நறுக்குதியா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். நான் அன்றைக்கு வெங்காயம் நறுக்கவே இல்லை.

ஆபரேஷன் அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். மயக்கம் கொடுப்பதில்லை, சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரத்துப்போகச் செய்வார்கள், பிள்ளை முழித்துக்கொண்டு ஒரு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பல்லி விழுந்தால் தெருமுனை வரைக்கும் ஓடுகிறவள் இவள், எப்படிப் படுத்திருப்பாள். உள்ளே போகும்போது டாக்டரம்மாவிடம், மேடம், நான் மெதுவா ஓதிக்கிடலாமா என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள், "கண்ணு மட்டும் அசையக் கூடாதும்மா, வாய் அசையட்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். லேசர் வைத்துக் கருவிழிக்குள்ளே ஒரு சின்ன வழி எடுத்து, அதில் அந்தத் துண்டை நுழைத்திருக்கிறார்கள். முந்தின தடவை படத்தில் எனக்குக் காட்டினார்கள், ஒரு சேமியாவை வளைத்து வைத்த மாதிரி, பிறை மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் என்றுதான் சொன்னார்கள், வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு ஓதத் தெரிந்ததெல்லாம் மறந்துபோனது, யா அல்லாஹ் யா அல்லாஹ் என்பதைத் தவிர வேறு வரவில்லை. வாப்பா காரிடாரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, எங்களைப் போலவே காத்திருந்த ஒரு சிவகிரிக்காரரிடம் துண்டு வியாபாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு இருந்தார். முடிந்து வெளியே வந்த டாக்டரம்மா முகமூடியை இறக்கிவிட்டு, உங்க பொண்ணு நல்லா ஓதுறா, எங்க ஸ்டாஃப் எல்லாம் கேட்டோம், கண்ணு ஒரு இம்மி அசையலை என்றார்கள். நான் அவர்கள் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டேன். அந்த அம்மாள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

இதெல்லாம் முடிந்ததும் உடனே பளிச்சென்று தெரிந்துவிட்டது என்று நினைக்காதே. முதல் வாரம் வலி, கூச்சம், தண்ணீராகக் கொட்டியது, முன்னைவிட இப்ப இன்னும் மங்கலாத் தெரியுது உம்மா என்று அவள் சொன்ன அன்றைக்கு எனக்கு உயிரே போய்விட்டது, நீ சொன்ன மாதிரியே ஆகிவிட்டதே என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். டாக்டரம்மாவுக்கு போன் போட்டால், அப்படித்தான் இருக்கும், பொறுங்க, கசக்காம பாத்துக்கோங்க, அதுதான் உங்க வேலை என்றார்கள். அதையே என் வேலையாக வைத்துக்கொண்டேன். தூங்கும்போது கண்ணுக்கு மூடி ஒட்டி, கை தன்னால் போய்விடாமல் பக்கத்திலேயே படுத்துக்கொள்வேன். முகத்தில் தண்ணீர் படக் கூடாது, ஊரெல்லாம் அருவியில் நிற்கிற சீசனில் நம் பிள்ளைக்கு ஈரத்துணியால் முகம் துடைப்பு மட்டும்தான். ஒரு நாள் வீட்டில் இருந்து சலித்துப்போய் வாப்பாவோடு கடைக்கு வந்தாள், காற்றில் வருகிற சாரல்கூடப் படாமல் இருக்க வாப்பா கடையில் இருப்பதிலேயே பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார், முகத்தில் பாதி அதுதான். குளிக்க வந்த கூட்டத்தில் ஒரு பொம்பிளை இவளைப் பார்த்து, சினிமாவில் நடிக்கிற பொண்ணா என்று கேட்டாளாம், அதையும் வாப்பா இப்போது ஈரோட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு இருக்கிறார்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் எதிர்வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லி தெரிந்தது, அதற்கு ஒரு ஓட்டம். பிறகு பஸ் போர்டு. ஒரு நாள் நான் மீன் கழுவிக்கொண்டு இருக்கும்போது பின்னால் வந்து நின்று, உம்மா உங்களுக்கு நரைச்சிருக்கு என்றாள், நரைத்து எத்தனையோ வருஷமாயிற்று, அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது. புதுக் கண்ணாடி வந்த அன்றைக்கு மஃரிபு தொழுகைக்குப் பிறகு அவளே போய் கைகால் கழுவி ஒலுச் செய்து, குர்ஆனை எடுத்துப் பலகையில் விரித்து வைத்தாள். பாடமாக்காத இடம். விரலை வைத்து, எழுத்து எழுத்தாக, சின்னப் பிள்ளை முதன்முதலாக ஓதுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி ஓதினாள், தப்பினாள், மறுபடி ஓதினாள். கடகடவென்று ஓதிய காலத்தில் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்த உன் வாப்பா, இந்தத் திக்கித் திக்கி ஓதுவதைக் கேட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை. பர்சானாவுக்கு நான்தான் போன் போட்டுக் கேட்கச் செய்தேன், அவள் அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. மாரிச்செல்விக்கு ஒரு சுடிதார் எடுத்துக் கொடுத்தோம், வேண்டாம் ஆன்ட்டி என்றாள், இத்தனை நாள் எங்க புள்ளைக்குக் கண்ணா இருந்திருக்கே, வாங்கிக்கோ என்று கையில் திணித்தேன். ஆனால் யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ அவரைத்தான் தெரியாது. ஆணா பெண்ணா, எந்த ஊர், யாரைக் கும்பிட்டவர், ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அதுதான் சட்டமாம். தன் வீட்டில் மய்யித்தை வைத்துக்கொண்டு, அந்த அழுகைக்கு நடுவிலும் யாரோ ஒரு பிள்ளைக்கு ஆகட்டும் என்று கண்ணைக் கொடுக்கச் சம்மதித்தார்களே, அந்த வீட்டார் நன்றாக இருக்கட்டும் என்று தினமும் தொழுதுவிட்டுக் கேட்கிறேன். எந்த வீடு என்று எனக்குத் தெரியாவிட்டால் என்ன, அவனுக்குத் தெரியும்.

இப்போது உன் விஷயம். போன தடவை மதுரைக்குப் போனபோது, நீ போனில் சொன்ன அந்தப் பேச்சை ஹஸீபாவே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள், எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் லைட்டுக்கு வால் முளைக்குது மேடம் என்று. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா திரும்பி, கூடப்பிறந்தவங்களுக்கும் வரலாம், அவரும் கண்ணைக் கசக்குவாரா என்று கேட்டார்கள். கசக்குவான் என்றேன், சின்னதிலேயே தூங்கி எழுந்தால் முதல் வேலை அதுதான் உனக்கு. என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்கள். டிரெய்லர் ஓட்டுகிறான், தம்மாமுக்கும் ரியாத்துக்கும் என்றேன். அந்த அம்மாள் சிரித்த முகம் மாறி, "உடனே காட்டச் சொல்லுங்கம்மா, அதுவரைக்கும் வண்டி எடுக்க வேண்டாம்" என்றார்கள். அன்றையிலிருந்து நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், நீயும் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாய். போன புதன்கிழமை நல்லதம்பி பார்சலுக்கு என்ன வேணும் என்று கேட்க வந்தான். சோறு போட்டுச் சும்மா பேச்சுக் கொடுத்தேன், பிள்ளைக்கு வாயில் பொய் வராது. ராத்திரி லோடு வந்தா எனக்கு மாத்தி விட்டுட்டு என் பகல் லோடை அவன் வாங்கிக்கிடுதான் அம்மா, தூக்கம் வருது தூக்கம் வருதுங்கான், போன மாசம் மாத்த முடியாம போன ஒரு ராத்திரியில வண்டி ரோட்டை விட்டு மணல்ல இறங்கிட்டு, அல்லாஹ் காப்பாத்தினான் என்றான், அவன் நம்ம ஆள் இல்லாவிட்டாலும் அந்த வார்த்தையைத்தான் சொன்னான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன்மேல் கோபப்படாதே, அவன் உனக்குத் தம்பி மாதிரி.

ஆக, ராத்திரியில் கண் சரியாக இல்லை என்று உனக்கே தெரியும். தெரிந்துதான் ஒளிக்கிறாய். டாக்டரிடம் போனால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள், கம்பெனி ஊருக்கு அனுப்பிவிடும் என்ற பயம், இல்லையா. அனுப்பட்டும் மகனே. வேலை போனால் இன்னொரு வேலை, அதுவும் இல்லை என்றால் குற்றாலத்தில் துண்டு விற்க உன் வாப்பாவுக்கு ஒரு கை குறைகிறது, ஜனம் துண்டை மறக்காமல் இருக்கப் போவதில்லை. ஹஸீபாவுக்கு முற்றின பிறகுதான் கண்டோம், அதற்கே இவ்வளவு செய்ய முடிந்தது, உனக்குத் தொடக்கமாக இருந்தால் அந்த நீல வெளிச்சத்தோடே முடிந்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்கிறார்கள், ஒருவேளை ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், கசக்குகிறவனுக்கெல்லாம் இது வந்துவிடாது. ஆனால் காட்டினால்தானே தெரியும். நீ ஓட்டுவது சைக்கிள் இல்லை. எதிரே வருகிற வண்டியில் ஒரு உம்மா மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு உன் கண் தெரியாதது தெரியாது. முகம் தெரியாத யாரோ நம் பிள்ளைக்கு மௌத்துக்குப் பிறகும் நல்லது செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள், முகம் தெரியாத யாருக்கும் நம்மால் ஒரு கேடு வந்துவிடக் கூடாது. நான் கோபத்தில் எழுதவில்லை, அழுதுகொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணினால் அதனால்தான்.

நல்லதம்பியிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். தம்மாமில் எந்தக் கண் ஆஸ்பத்திரியில் கருவிழிப் படம் எடுப்பார்கள் என்று அவன் விசாரித்து வைத்துவிட்டான், வருகிற வெள்ளிக்கு மறுநாள் உன்னைக் கூட்டிப்போவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான், தட்டிக் கழிக்காதே. சுருமா இருந்தால் தூக்கிப் போடு. கண் ஊறினால் குளிர்ந்த தண்ணீர்த் துணியை மேலே வை, கை வைக்காதே. ஹஸீபா உன்னிடம் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணன்கிட்ட சொல்லுங்க, மெஷின்ல தாடையை வச்சுப் பாக்கது வலிக்கவே வலிக்காதுன்னு. மத்தது ஏதாவது பண்ணணும்னா ஊருக்கு வரச் சொல்லுங்க, நான் வெளியே உக்காந்து ஓதுதேன்." வாப்பா உனக்கு சலாம் சொல்கிறார், பயப்பட வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறார், சொல்லும்போது அவர் குரல்தான் நடுங்குகிறது. அல்லாஹ் உன் கண்ணையும் உன் வழியையும் வெளிச்சமாக்கி வைப்பானாக, நீ போகிற ரோட்டில் யாருக்கும் உன்னால் ஒரு கீறல்கூட விழாமல் காப்பானாக, உன்னை என் கண்ணால் பார்க்கிற நாளைச் சீக்கிரம் தருவானாக, ஆமீன். ரிப்போர்ட் கையில் வந்ததும் உடனே வாட்ஸப்பில் அனுப்பிவிடு. உம்மாவுக்கு இதெல்லாம் என்ன புரியும் என்று ஒளித்து வைக்காதே. எவ்வளவு பொடி எழுத்தாக இருந்தாலும் அனுப்பு, வாசித்துச் சொல்ல ஹஸீபா இருக்கிறாள்.

உன் முகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்
உம்மா
ஷமீம் பானு